கொச்சித் துறைமுகம்: வெள்ளம் திறந்த வாசல், மணல் அடைத்த பாதை, 700 ஆண்டு வணிகம்

கொச்சியில் தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு பஸ் ஏறினால் வழியில் வருவது சுள்ளிக்கல். கடைகள், ஆட்டோ, நெரிசல் என வழக்கமான ஒரு ஜங்ஷன். அங்கே நின்று பார்த்தால் கடலும் தெரியாது, காயலும் தெரியாது. ஆனால் மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் அரபிக் கடல் வந்துவிடும். கிழக்கே அதைவிடக் குறைவான தூரத்தில் காயல். நடுவில் இருப்பது ஒல்லியான ஒரு நிலத்துண்டுதான்.

சுள்ளிக்கல்லுக்குப் பக்கத்தில் கொச்சங்காடி என்று ஓர் இடம் உண்டு. ஒரு காலத்தில் அங்கே யூதர்களின் ஜெபாலயம் இருந்தது. இன்று அது இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தின் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல் காட்டும் ஆண்டு 1344.

இந்த ஆண்டு ஏன் முக்கியம்? அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1341-ல், பெரியாற்றில் வந்த ஒரு பெருவெள்ளம்தான் கொச்சியின் கடல்வாசலைத் திறந்தது என்று கேரளத்தில் காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. வாசல் திறந்ததும் வணிகர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என மூன்று ஐரோப்பிய ஆட்சிகள் வந்தன.

அந்த வாசலைத் திறந்த அதே ஆறு, கொண்டுவந்து கொட்டும் மண்ணால் அதை மூடவும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கொச்சி வணிகத்தின் கதையே இந்த இழுபறிதான்.

கொச்சிக்கு முன்னால் என்ன இருந்தது?

கொச்சிக்கு வடக்கே, இன்றைய கொடுங்கல்லூர் பக்கம் இருந்ததாகக் கருதப்படுவது முசிறி. சங்க இலக்கியத்தில் சேரர்களின் துறைமுகமாக வரும் அதே முசிறி. யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் காட்சியை அகநானூறு காட்டுகிறது. முசிறியில் ஏற்றிய சரக்குகளின் கணக்கோடு, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடு ஒன்று இன்றும் வியன்னாவில் இருக்கிறது.

முசிறிக்கும் ஒரு சிக்கல் இருந்தது. ரோமானிய எழுத்தாளர் பிளினி அதைப் பதிவு செய்திருக்கிறார். கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளித்தான் நங்கூரம் போட வேண்டும், சரக்கைச் சிறு படகுகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்பதே அந்தச் சிக்கல். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,850 ஆண்டுகள் கழித்து, 1920-களிலும் இதே கரையில் இதே புகார்தான் இருந்தது.

1341-ல் நடந்தது என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை ஆறுகளில் மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. கடற்கரைக்கு வரும்போது ஆற்றின் வேகம் குறையும், மண் படியும். எதிர்ப்பக்கமிருந்து கடல் அலை மணலைக் கரைக்குத் தள்ளும். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீளநீளமாக மணல்திட்டுகள் உருவாகும். அவற்றுக்குப் பின்னால் தேங்கும் நீர்தான் காயல். ஆற்றுநீர் கடலுக்குப் போக இந்தத் திட்டுகளில் ஆங்காங்கே வாசல் வேண்டும். கேரளத்தில் அதை அழிமுகம் என்கிறார்கள்.

பெரிய வெள்ளம் வந்தால் ஒரு வாசல் மண்ணால் அடைபடலாம், வேறிடத்தில் இன்னொன்று திறக்கலாம். 1341-ல் இதுதான் நடந்தது என்கிறது மரபு. கொடுங்கல்லூர் வாசல் தூர்ந்தது. தெற்கே கொச்சியில் வாசல் அகன்றது. இரண்டுக்கும் நடுவே வைப்பின் தீவு உருப்பெற்றது. புதிய நிலம் தோன்றியதை வைத்தே 'புதுவைப்பு' என்று ஓர் ஆண்டுக்கணக்கும் 1341-லிருந்து தொடங்கியது.

எல்லாமே ஒரே வெள்ளத்தில், ஒரே நாளில் நடந்திருக்குமா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். மண் படிவதும் கரை நகர்வதும் நூற்றாண்டுக் கணக்கில் நடக்கும் வேலை. ஆனால் விளைவில் பெரிய சந்தேகம் இல்லை. 14-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு வணிகம் தெற்கே நகர்ந்தது. கொச்சி அரச வம்சமான பெரும்படப்பு ஸ்வரூபமும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைநகரைக் கொடுங்கல்லூர்ப் பகுதியிலிருந்து கொச்சிக்கு மாற்றியது. அதே காலத்தில் சீனத் தளபதி செங் ஹேவின் கப்பல் படையோடு வந்த மா ஹுவான், கொச்சியின் மிளகு வணிகத்தை விரிவாக எழுதி வைத்தார்.

மிளகு ஏன் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது?

மிளகுக்கொடி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. அதற்கு மழையும் வேண்டும், நிழலும் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் மலைச்சரிவில் இரண்டும் கிடைக்கும்.

மலையில் விளைந்தால் போதாது, கரைக்கு வரவேண்டும். சாலை இல்லாத காலத்தில் எடை அதிகமுள்ள சரக்கைக் கொண்டுபோக மலிவான வழி தண்ணீர்தான். கேரளத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவில் தூரம் குறைவு. குறுக்கே ஓடும் ஆறுகள் ஏராளம். பெரியாறு, மூவாற்றுப்புழை, மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் எல்லாம் கடைசியில் காயலில்தான் வந்து சேர்கின்றன. இதில் மிகப் பெரியது வேம்பநாட்டுக் காயல். கொச்சியிலிருந்து தெற்கே ஆலப்புழை வரை நீளும் இந்தக் காயல், கடலுக்கு இணையாகப் போகும் ஒரு நீர் நெடுஞ்சாலை மாதிரி.

இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மிதக்கும் கெட்டுவள்ளம், அந்தக் காலத்தின் லாரி. பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டி உருவாக்கிய படகு அது. மிளகு, கொப்பரை, கயிறு, அரிசி என எல்லாம் அதில்தான் போகும். வெளியே கடல் கொந்தளித்தாலும் உள்ளே காயலில் படகு ஓடும். அந்த நீர்வழி கடலைத் தொடும் முக்கியமான இடம் கொச்சி வாசல். அதனால்தான் அதைப் பிடிக்க இத்தனை போட்டி.

தமிழ்நாட்டுப் பக்கமும் ஒரு கதவு உண்டு. மலைத்தொடர் நடுவில் விட்டுக்கொடுக்கும் பாலக்காட்டுக் கணவாய், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். கோவை, கரூர் வட்டாரங்களில் ரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைத்ததற்கு இந்த வழி ஒரு முக்கியக் காரணம். மேற்குக் கரையில் இறங்கிய பொன், கொடுமணல் போன்ற ஊர்களின் மணிக்கற்களைத் தேடி இந்தக் கணவாய் வழியாகக் கிழக்கே வந்தது.

காற்று போட்ட டைம்டேபிள்

பாய்மரக் கப்பலுக்குக் காற்றுதான் எஞ்சின். அரபிக் கடலில் அந்தக் காற்று வருடத்தில் பாதி நாள் ஒரு பக்கமும், மீதி நாள் எதிர்ப்பக்கமும் வீசும். தென்மேற்குப் பருவக்காற்று கப்பலை ஆப்பிரிக்கா, அரேபியாவிலிருந்து கேரளத்துக்குத் தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று திருப்பி அனுப்பும்.

எகிப்திலிருந்து ஜூலையில் கிளம்பும் ரோமானியக் கப்பல்கள் செப்டம்பர் வாக்கில் மலபார் கரையைத் தொடும். டிசம்பர், ஜனவரியில் திரும்பும். 16-ஆம் நூற்றாண்டில் லிஸ்பனிலிருந்து மார்ச், ஏப்ரலில் புறப்பட்ட போர்ச்சுகீசியக் கப்பல்களும் கிட்டத்தட்ட இதே கணக்கில்தான் கொச்சிக்கு வந்து போயின. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் கரைத் துறைமுகங்களுக்கு விடுமுறைதான். அந்த அலையில் பாய்மரக் கப்பல் கரையை நெருங்க முடியாது.

வந்த வணிகர் அடுத்த காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குத் தங்க இடம் வேண்டும், சரக்கு வைக்கக் கிடங்கு வேண்டும், தொழுகைக்கு இடம் வேண்டும், நம்பிக்கையான தரகர் வேண்டும். மட்டாஞ்சேரியில் சில தெருக்களுக்குள்ளேயே ஜெபாலயம், பள்ளிவாசல், கொங்கணிக் கோயில், ஜைனக் கோயில், குஜராத்திகளின் தெரு எல்லாம் இருப்பதன் பின்னணியில் இந்தக் காத்திருப்புக்கும் பங்கு உண்டு. தற்காலிகமாக வந்தவர்களில் பலர் அங்கேயே குடியேறிவிட்டார்கள்.

போர்ச்சுகீசியர் ஏன் கொச்சிக்கு வந்தார்கள்?

வாஸ்கோ ட காமா 1498-ல் வந்து இறங்கியது கோழிக்கோட்டுப் பக்கம். அப்போது மலபாரின் பெரிய வணிக நகரம் அதுதான். ஆனால் கோழிக்கோட்டுக்கு நல்ல துறைமுகமே கிடையாது, திறந்த கடற்கரைதான். பிறகு எப்படிப் பெரிய நகரம் ஆனது? வெளிநாட்டு வணிகர்களின் சரக்குக்கும் உயிருக்கும் சாமூதிரி மன்னர்கள் கொடுத்த பாதுகாப்புதான் காரணம். ஒரு நகரத்தின் விதியைப் புவியியல் மட்டுமே எழுதுவதில்லை என்பதற்குக் கோழிக்கோடு நல்ல உதாரணம்.

சாமூதிரியோடு மோதிக்கொண்ட போர்ச்சுகீசியருக்குத் தேவைப்பட்டவை இரண்டு. ஒன்று, கப்பல் ஒதுங்க மறைவான நீர்நிலை. இரண்டு, சாமூதிரியின் எதிரியான ஒரு மன்னர். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. 1500 டிசம்பரில் கப்ரால் கொச்சிக்கு வந்தார். 1503-ல் அங்கே போர்ச்சுகீசியக் கோட்டை எழுந்தது. இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை அது.

1504-ல் சாமூதிரியின் பெரும்படை கொச்சியைத் தாக்கியபோது, ஊரைக் காப்பாற்றியதில் காயலுக்கும் பங்கு உண்டு. சுற்றிலும் நீர். கும்பளம் போன்ற சில துறைகளில் மட்டும், ஓதம் இறங்கும் நேரத்தில் நடந்து கடக்கலாம். நீர் ஏறினால் படகு வேண்டும். போர்ச்சுகீசியத் தளபதி துவார்த்தே பச்சேகோ இந்த நேரக்கணக்கைப் பிடித்துக்கொண்டார். கொச்சி வீரர்களோடு சேர்ந்து, சிறிய படையைக் கொண்டே அந்தத் துறைகளை மாதக்கணக்கில் காத்தார்.

1530 வரை போர்ச்சுகீசியரின் இந்தியத் தலைமையிடம் கொச்சிதான். வாஸ்கோ ட காமா இறந்ததும் இங்கேதான், 1524 டிசம்பர் 24-ல்.

அந்தக் காலத்திலேயே கொச்சி இரண்டு ஊராகிவிட்டது. கடல்வாசலை ஒட்டிப் போர்ச்சுகீசியரின் கோட்டை நகரம். காயல் பக்கம் மன்னரின் ஊரான மட்டாஞ்சேரி. கோட்டைக்காரர்கள் கப்பலைக் கட்டுப்படுத்தினார்கள். சரக்கைச் சேர்த்து, தரம் பிரித்து, விலை பேசும் வேலையில் பெரும்பகுதி மட்டாஞ்சேரி வணிகர்கள் கையில் இருந்தது. பரதேசி ஜெபாலயம் 1568-ல் அரண்மனைக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டதை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். வணிகருக்கு மன்னரின் நிழல் தேவைப்பட்டது, மன்னருக்கு வணிகரின் வரி.

வாசலைப் பிடித்தவர்களால் மலையைப் பிடிக்க முடிந்ததா?

1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைக் கைப்பற்றினார்கள். மிளகு முழுவதும் தங்களுக்கே, தாங்கள் சொல்லும் விலைக்கே வேண்டும் என்று உள்ளூர் மன்னர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு முன் போர்ச்சுகீசியரும் அப்படித்தான் கேட்டார்கள்.

இருவராலும் அதை முழுசாகச் சாதிக்க முடியவில்லை. கடல் பக்க வாசலில் காவல் போடலாம். ஆனால் மிளகு விளையும் மலைக்குப் பின்பக்கமும் வழி இருக்கிறதே! பாலக்காடு, ஆரியங்காவு, கம்பம் பக்கக் கணவாய்கள் வழியாகப் பொதிமாடுகளில் மிளகு தமிழ்நாட்டுக்கு வந்தது. அங்கிருந்து சோழமண்டலக் கரைக்குப் போனது. ஐரோப்பியர் கொடுத்ததைவிட அங்கே நல்ல விலை. 'கள்ளக்கடத்தல்' என்று கம்பெனி அதிகாரிகள் எழுதினார்கள். விவசாயிக்கும் மாட்டுக்காரருக்கும் அது பல தலைமுறையாகச் செய்துவந்த வியாபாரம்.

கடைசியில் டச்சுக்காரர்களின் ஆதிக்கத்தை முறித்ததும் நிலத்தை வைத்திருந்தவர்தான். திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா 1741-ல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்தார். பிறகு தன் நாட்டு மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கினார். கப்பல் வைத்திருந்தவரைவிட, விளையும் நிலத்தையும் அதிலிருந்து இறங்கும் வழிகளையும் வைத்திருந்தவரின் கை ஓங்கியது.

ஒரே ஊர், ஏன் இரண்டு ஆட்சி?

1795-ல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். 1806-ல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஃபோர்ட் கொச்சி மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்தது. பக்கத்திலேயே இருக்கும் மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தில். தெற்கே நெருக்கத்திலேயே திருவிதாங்கூர் எல்லை.

அதாவது, சுள்ளிக்கல்லிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் மெட்ராஸ் சர்க்காரின் நிலம் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும், 1956-ல் கேரளம் உருவாகும் வரை, ஃபோர்ட் கொச்சி மெட்ராஸ் மாநிலத்தின் ஒரு துண்டாகவே நீடித்தது. வாசல் ஒருவர் கையில், கிடங்கு இன்னொருவர் கையில், சரக்கு விளையும் நிலத்தின் பெரும்பகுதி மூன்றாமவர் கையில். துறைமுகத்தை மேம்படுத்தப் பணம் போடுவது யார், வரும் வரியை எடுத்துக்கொள்வது யார் என்ற கேள்வி பல காலம் முடிவில்லாமல் இழுத்தது.

மணல்திட்டு ஏன் திடீரென்று பிரச்சினை ஆனது?

பாய்மரக் காலத்தில் கொச்சி வாசல் போதுமானதாக இருந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின, பெரிதாகின, நீருக்குள் ஆழமாக இறங்கின. கொச்சி வாசலுக்கு வெளியே கடலுக்கடியில் இறுகிக் கிடந்த மணல்திட்டைத் தாண்டி அவற்றால் உள்ளே வர முடியவில்லை.

வெளியே திறந்த கடலில் நங்கூரம், சரக்கு படகில். பிளினி எழுதிய அதே கதை. மழைக்காலத்தில் அதுவும் முடியாது. உள்ளே எத்தனையோ கப்பல் நிற்கக்கூடிய அமைதியான காயல் இருந்தும் பயன்படவில்லை.

போட்டித் துறைமுகங்கள் சும்மா இருக்கவில்லை. காயலோ வளைகுடாவோ இல்லாத சென்னை, மசூலா படகுகளை நம்பியிருந்த நிலையிலிருந்து செயற்கைத் துறைமுகம் கட்ட இறங்கியது. 1881 புயல் அலைத்தடுப்புச் சுவர்களை உடைத்தும் விடவில்லை. கொழும்பில் 1885-ல் அலைத்தடுப்புச் சுவர் முடிந்ததும், கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. இயற்கை வசதியே இல்லாத ஊர்கள் முந்திக்கொள்ள, இயற்கை வசதி இருந்த கொச்சி பின்தங்கியது.

பிரிஸ்டோ என்ன செய்தார்?

1920-ல் மெட்ராஸ் கவர்னர் வில்லிங்டன் பிரபு காலத்தில், ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். மணல்திட்டை வெட்டுவது பெரிய விஷயமில்லை. வெட்டினால் என்ன ஆகும் என்பதுதான் பயம். வாசலை ஆழப்படுத்தினால் நீரோட்டம் மாறி வைப்பின் கரை அரித்துப்போகலாம், காயலின் குணமே மாறலாம் என்ற எச்சரிக்கை இருந்தது. பிரிஸ்டோ அலை, காற்று, ஓதம், மண் எல்லாவற்றையும் அளந்து பார்த்தார். கரையைக் காக்கக் கருங்கல் தடுப்புகள் போட்டார். அதன் பிறகே பெரிய வேலையில் இறங்கினார்.

பணத்தகராறு 1925 ஒப்பந்தத்தில் ஓரளவு தீர்ந்தது. இந்திய அரசு, மெட்ராஸ், கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய நான்கு தரப்பும் அதில் இருந்தன. ஒப்பந்தத்துக்குப் பின் 'லார்டு வில்லிங்டன்' என்ற தூர்வாரும் கப்பல் வந்தது. திட்டு வெட்டப்பட்டது. 1928 மே 26-ல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. 1936-ல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

அள்ளிய மண்ணை என்ன செய்வது? காயலின் நடுவிலேயே கொட்டி ஏறத்தாழ 780 ஏக்கரில் ஒரு தீவையே உருவாக்கினார்கள். அதுதான் வில்லிங்டன் தீவு. ரயிலும் பாலங்களும் அதை நிலத்தோடு இணைத்தன. நடுப்பகுதியைத் தூக்கித் திறக்கும் வகையில் கட்டிய தோப்பும்படி பழைய பாலமும் பிரிஸ்டோ காலத்துத் திட்டம்தான்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த ரயில் பாதையால் கோவை, நீலகிரி, ஆனைமலை சரக்குகளுக்கும் கொச்சி வாசலானது. 1947-ல் வில்லிங்டன் தீவில் தேயிலை ஏலம் தொடங்கியது. பொதிமாடு போன வழியில் ரயில் வந்தது. ஆனால் சரக்கு போகும் திசை மட்டும் தலைகீழ்.

சரக்கைச் சுமந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன?

துறைமுகம் வளர்ந்ததும் வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் மட்டாஞ்சேரி பக்கம் குவிந்தார்கள். அங்கே இருந்த முறைக்குப் பெயர் சாப்பா. காலையில் கங்காணிகள் உலோக டோக்கன்களைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். பாய்ந்து பிடிப்பவருக்கு அன்றைக்கு வேலை, மற்றவருக்குப் பட்டினி. டோக்கனுக்காகத் தொழிலாளர்கள் ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொள்ள வேண்டிய நிலை.

இதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ல் மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 2023-ல் வந்த 'துறமுகம்' மலையாளப் படம் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பிறகு சாப்பா ஒழிந்தது. கொஞ்ச காலத்தில் கன்டெய்னர் வந்தது. மூட்டை சுமக்கும் வேலையே குறைந்துபோனது. 2011-ல் வல்லார்பாடம் தீவில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டதும் வணிகத்தின் மையம் மட்டாஞ்சேரியை விட்டு இன்னும் விலகியது. அந்த முனையத்துக்கான சாலை, ரயில் இணைப்புக்காக 2008-ல் மூலம்பிள்ளி உள்ளிட்ட இடங்களில் 316 குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. மாற்றாகக் கொடுத்த மனைகளில் பல சதுப்பு நிலம் என்றும், கட்டிய வீடுகளில் விரிசல் விடுகிறது என்றும் அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். கொச்சியைத் துறைமுகமாக்கிய அந்த இளகிய மண், அவர்களுக்கு வீடு கட்டக்கூட உதவவில்லை.

இப்போது விழிஞ்ஞம்: மறுபடியும் வாசல் மாறுகிறதா?

கப்பல்கள் இன்னும் பெரிதாகிவிட்டன. கொச்சிக் கால்வாய் ஆழமாகவே இருக்க வேண்டுமென்றால் வருடம் முழுக்கத் தூர்வார வேண்டும். ஆறுகள் மண்ணைக் கொண்டுவருவதை நிறுத்தப்போவதில்லை. அந்தச் செலவு ஆண்டுதோறும் பல கோடி ரூபாய்.

திருவனந்தபுரத்துக்கு அருகே விழிஞ்ஞத்தில் கதை வேறு. அங்கே பெரிய ஆறு கொட்டும் மண் இல்லை, கரைக்கு மிக அருகிலேயே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கை ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை ஏறத்தாழ 10 கடல் மைல் தூரத்தில். 2025 மே 2-ல் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் துறைமுகத்துக்கு, அடுத்த மாதமே உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்றான 'எம்.எஸ்.சி. இரினா' வந்தது.

அங்கேயும் எல்லாம் சுமுகமில்லை. கட்டுமானத்தால் கரை அரிக்கிறது என்று 2022-ல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். கடற்கரையில் ஓர் இடத்தில் சுவர் எழுப்பினால் மணலின் ஓட்டம் மாறும், அதன் விலையை இன்னோர் இடம் கொடுக்க நேரிடும் என்பது அவர்களின் அச்சம். பிரிஸ்டோவுக்கு முன்னால் இருந்த அதே கேள்விதான்.

இதற்காகக் கொச்சி முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கப்பல் கட்டும் தளம், கடற்படைத் தளம், பின்னால் பெரிய நகரம், ரயில், சாலை எல்லாம் அங்கே இருக்கின்றன. கோழிக்கோடு காட்டியதுபோல, ஆழம் மட்டுமே துறைமுகம் ஆகிவிடாது. ஆனால் 'இயற்கைத் துறைமுகம்' என்ற பெருமையை வைத்து மட்டும் இனி ஓட்ட முடியாது.

சுள்ளிக்கல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இன்று மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளில் பல கலைப்பொருள் கடைகளாகவும் கஃபேக்களாகவும் மாறிவிட்டன. 2012 முதல் நடக்கும் கொச்சி–முசிறி பினாலே என்ற கலைவிழாவுக்குப் பழைய வணிகக் கட்டடங்கள்தான் மேடை. யூதத் தெருவில் யூதர்கள் அநேகமாக இல்லை.

தண்ணீர் மட்டும் போகவில்லை. மலையாள மாதமான விருச்சிகம், அதாவது நம் கார்த்திகை, தொடங்கினால் மேற்குக் கொச்சியின் தாழ்வான பகுதிகளில் வேலியேற்றம் என்கிற உயர் ஓதம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. காயலில் மண் படிந்து ஆழம் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். தெற்கே செல்லானத்தில் கடலரிப்பைத் தடுக்க 7 கிலோமீட்டருக்கு மேல் டெட்ராபாட் சுவர் கட்ட வேண்டியிருந்தது. 2018 ஆகஸ்டில் பெரியாறு மறுபடியும் பொங்கியபோது நெடும்பாசேரி விமான நிலையம் மூழ்கியது. அந்த நாட்களில் பயணிகள் விமானங்கள் இறங்கியது எங்கே தெரியுமா? வில்லிங்டன் தீவின் கடற்படை ஓடுதளத்தில், அதாவது காயலிலிருந்து அள்ளிக் கொட்டிய மண்ணின் மேல்.

கொச்சங்காடிக் கல்லைச் செதுக்கியவர்கள் புது வாசலைத் தேடி வந்தவர்கள். வாசல் மாறினால் கப்பலும் முதலும் இப்படி அடுத்த கரைக்குப் போய்விடும். சாப்பாவுக்குக் கை நீட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும், வேலியேற்றத்தில் கட்டிலைத் தூக்கி வைக்கும் குடும்பங்களும் அப்படிக் கிளம்பிவிட முடியாது. கொச்சிக் கால்வாயைத் தூர்வார ஒதுக்கும் கணக்கில், உள்ளே இருக்கும் காயலின் மண்ணுக்கும் அதன் கரையில் வாழ்பவர்களின் வீட்டுக்கும் ஒரு வரி இருக்கிறதா என்பதுதான் இன்றைக்கு அங்கே கேட்க வேண்டிய கேள்வி.